நடந்தால் 12 நிமிஷத்தில் முடியும் தீவு. அங்கே 5 நாள் என்ன செய்வது?

கேள்வி, நவம்பர் 15, 2025

பொங்கல் லீவில், ஜனவரி 14 முதல் 19 வரை, மாலத்தீவில் ஒரு சின்ன ரிசார்ட். நான், மனைவி, 9 வயசுப் பையன், 66 வயசு மாமியார். யாருக்கும் நீச்சல் தெரியாது. தீவைச் சுற்றி வர 12 நிமிஷம்தானாம். ரிசார்ட் அனுப்பின பட்டியலில் 23 ஆக்டிவிட்டி இருக்கு. காலை ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு எக்செல்லில் போட்டு வச்சிருக்கேன். இல்லேன்னா ரெண்டாம் நாளே போரடிச்சுடும்னு ஆபீஸில் சொல்றாங்க. போய் வந்தவங்க பார்த்துச் சொல்லுங்க.

பதில், நவம்பர் 15, 2025, இரவு 10.40

எக்செல்லை மூடிடுங்க.

2024 ஆகஸ்ட் 15 லீவை ஒட்டி நாங்க அங்கே பா அட்டோலில் 5 ராத்திரி இருந்தோம். அட்டோல்னா வளையமாக் கிடக்கிற பவளத் தீவுக் கூட்டம். நான், கணவர், 11 வயசு மகள், 67 வயசு அம்மா. கிட்டத்தட்ட உங்க குடும்பம்தான். நானும் சென்னையில் உட்கார்ந்துட்டே 9 விஷயம் புக் பண்ணிட்டுப் போனேன். செய்தது 4. அந்த நாலில் ரெண்டு செய்திருக்கவே வேண்டாம். ரத்து செய்ததில் பாதிக்குப் பணம் திரும்பி வரலை.

ஒரு நாளைக்கு மணி குறிச்ச வேலை ஒண்ணே ஒண்ணு போதும். ரெண்டு மணி நேரப் படகுப் பயணம்னு பட்டியலில் போட்டிருப்பாங்க. அதுக்கு முக்கால் மணி முன்னாடியே துடுப்புச் செருப்பு அளவு பார்க்கக் கூப்பிடுவாங்க. திரும்பி வந்ததும் உப்புக் கழுவக் குளியல், அகோரப் பசி, சாப்பிட்டதும் தூக்கம். அரை நாள் போச்சு. 11-லிருந்து 3 வரைக்கும் வெயில் உங்களை வெளியே விடாது, பூமத்தியரேகைக்கு அவ்வளவு பக்கம். மிச்சம் இருக்கிறது ஒரு காலை, ஒரு சாயங்காலம். ரெண்டையும் விற்றுடாதீங்க.

நவம்பர் 16, 2025, காலை 6.15

ராத்திரி எழுதினதில் விட்டுப்போனது. முதல் நாளும் கடைசி நாளும் கணக்கில் வராது. கடல் விமானம்னா பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். நீங்க சாயங்காலம் மாலேயில் இறங்கினா அன்னிக்கு ராத்திரி விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊரான ஹுல்ஹுமாலேயில்தான் தங்கணும், அந்த ரிசார்ட் ராத்திரிக்குக் கட்டின பணம் போனதுதான். டிக்கெட் போடும்போதே நேரத்தைப் பாருங்க. சாமான் ஆளுக்கு 20 கிலோ, கைப்பை 5 கிலோ. எடை போட்டே ஏற்றுவாங்க.

இன்னொண்ணு, கடிகாரம். மாலே நமக்கு அரை மணி பின்னாடி. ஆனா நிறைய ரிசார்ட்டுகள் தங்களுக்குன்னு ஒரு மணி முன்னாடி தள்ளி வச்சுக்கும். அப்போ தீவு நமக்கு அரை மணி முன்னாடி ஆயிடும். எங்க அம்மா கையில் கட்டின வாட்சைப் பார்த்து எப்பவும்போல அஞ்சு மணிக்கு எழுந்து உட்கார்ந்துட்டாங்க. தீவுக்கு அஞ்சரை. வெளியே கும்மிருட்டு. சூரியன் வர ஏழு ஆச்சு. அதனால் "காலை 7 மணி" போட்டிருக்கிற எதையும் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது விடியல் நேரம்.

நவம்பர் 16, 2025, மதியம் 2.05

"அப்போ மிச்ச நேரமெல்லாம் வானத்தைப் பார்த்துட்டு இருக்கணுமா?" என்று ஒருத்தர் கேட்டிருக்கார். இல்லை. தண்ணிக்குள்ளே பார்க்கணும்.

அங்கே நிறையச் சின்னத் தீவுகளைச் சுற்றி ஒரு பவளத்திட்டு உண்டு, ஹவுஸ் ரீஃப்னு சொல்றாங்க. கரைக்கும் திட்டு விளிம்புக்கும் நடுவில் இடுப்பளவு தண்ணி, அடியில் வெள்ளை மணல், அலை கிடையாது. அதுதான் லகூன். படகு வேண்டாம், புக்கிங் வேண்டாம், காசு வேண்டாம். நாங்க பணம் கட்டிப் போன எந்த இடத்தையும்விட அங்கே கழிச்ச நேரம்தான் அதிகம். முழங்கால் தண்ணியில் முழ நீளச் சுறாக்குட்டிகள் கரையோரமாவே சுத்தும். துடுப்பு நுனி கறுப்பா இருக்கும். நம்மைப் பார்த்ததும் அதுங்கதான் ஓடும். 2010-ல் அந்த நாட்டில் சுறா பிடிக்கத் தடை போட்டாங்க.

கிளிமீன் பவளத்தைக் கடிக்கிற சத்தம் தண்ணிக்குள்ளே நறுக் நறுக்குன்னு கேட்கும், முறுக்கு கடிக்கிற மாதிரி. கடிச்சு அரைச்சு வெளியே விடுறது வெள்ளை மணலா விழுது. நாம நடக்கிற கடற்கரையில் நிறையப் பங்கு அந்த மீன் அரைச்ச மாவு. என் மகள் இதைத் தெரிஞ்சுகிட்ட பிறகு ரெண்டு நாள் வேற எதையும் தேடலை. ஒரே கிளிமீனின் பின்னாடியே போய்ப் போய் எப்போ மணல் விடுதுன்னு பார்த்துட்டு இருந்தா.

நாங்க வீசின ரொட்டித் துண்டுக்கு மீன் கூட்டமா வந்து மொய்ச்சது இன்னொரு வேடிக்கை.

நவம்பர் 16, 2025, இரவு 9.30

மேலே கடைசி வரியை வாபஸ் வாங்குறேன். கீழே ஒரு டைவர் எழுதியிருப்பது சரி. ரொட்டி போடக்கூடாது. பாசி மேயிற மீன் ரொட்டிக்குப் பழகினா பாசியை விட்டுடும், பாசி பவளத்தை மூடிடும். ஏற்கெனவே 1998-லயும் 2016-லயும் கடல் சூடேறி அங்கே பவளம் வெளுத்துச் செத்திருக்கு. நாங்க போன வருஷமும் திட்டுத் திட்டா வெளுத்த இடம் கண்ணால் பார்த்தேன். பார்த்துட்டும் ரொட்டி போட்டேன். அந்த வரியை அழிக்காமல் விடுறேன், படிக்கிறவங்களுக்குத் தெரியட்டும்.

நவம்பர் 19, 2025, காலை 11.20

மாண்டா திருக்கை பார்க்க ஹனிஃபாருவுக்குப் போகலாமான்னு தனி மடலில் கேட்டார் கேள்வி கேட்டவர். "கண்டிப்பா"ன்னு பதில் போட்டேன். தப்பு. நான் போனது ஆகஸ்ட், நீங்க போறது ஜனவரி.

ஹனிஃபாரு பா அட்டோலின் கிழக்கு விளிம்பில் ஒரு சின்ன வளைவு. தென்மேற்குப் பருவக் காற்றில், மே முதல் நவம்பர் வரை, நீரோட்டம் மிதவை உயிர்களைக் கொண்டுவந்து அந்த வளைவில் குவிக்கும். அதைத் தின்ன மாண்டா வரும். அமாவாசை பௌர்ணமியை ஒட்டிக் கூட்டம் ஜாஸ்தி. நாங்க போனது ஆவணி அவிட்டத்து பௌர்ணமி, எங்க அதிர்ஷ்டம். ஜனவரியில் காற்றும் நீரோட்டமும் வடகிழக்கிலிருந்து. மாண்டா அட்டோல்களோட மேற்குப் பக்கம் மாறிடும். உங்க ரிசார்ட் எந்தப் பக்கம்னு பார்த்துட்டுக் கேளுங்க, யாராவது ஜனவரியில் ஹனிஃபாரு டிக்கெட் விற்றா வாங்காதீங்க.

எங்க நாலு விஷயத்தில் காசுக்கு வஞ்சனை இல்லாதது அது ஒண்ணுதான். டைவிங் சிலிண்டரோட இறங்க அனுமதி இல்லை, முகமூடியும் மூச்சுக்குழலும் மட்டும். 45 நிமிஷம், அதுக்குமேல் இருக்கவிட மாட்டாங்க. 2011-லிருந்து பா அட்டோல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். வாயைத் திறந்துட்டு ஒண்ணு நேரா என் முகத்துக்கு வந்து, ஒரு சாண் இருக்கும்போது அப்படியே கீழே இறங்கிப் போச்சு. அம்மா படகிலேயே இருந்தாங்க. அதைப் பற்றித் தனியா எழுதணும்.

நவம்பர் 22, 2025, மாலை 5.50

நீச்சல். உங்க கேள்வியில் ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போயிட்டீங்க, திட்டம் முழுக்க அதில்தான் இருக்கு. ஜனவரிக்கு 7 வாரம் இருக்கு. நாலு பேரும் நீந்தக் கத்துக்க முடியாது, தேவையும் இல்லை. தண்ணியில் முகத்தை வச்சு வாயால் மூச்சு விடப் பழகணும், அவ்வளவுதான். பக்கத்தில் இருக்கிற நீச்சல்குளத்தில் நாலு ஞாயிற்றுக்கிழமை போதும். குளம் இல்லேன்னா பையனை ஒரு அகலப் பாத்திரத்தில் முகம் வச்சுப் பழக்குங்க. என் மகள் அண்டாவில்தான் ஆரம்பிச்சா.

முகமூடி சொந்தமா வாங்கிட்டுப் போங்க. வார் மாட்டாமல் முகத்தில் வச்சு மூக்கால் லேசா இழுங்க, கையை எடுத்தா ஒட்டிட்டு நிற்கணும். மீசைக்காரங்களுக்குத் தண்ணி கசியும், என் கணவர் மேல் ஓரத்தை மட்டும் ஒதுக்கிட்டார். கண்ணாடி போடுறவங்களுக்குப் பவர் வச்ச முகமூடி கிடைக்கும். மாமியாருக்கு அதைக் கண்டிப்பா பாருங்க, கண்ணாடி இல்லாமல் கீழே குனிஞ்சா வெறும் நீலம்தான் தெரியும்.

நீந்தத் தெரியாதவங்க உயிர்காப்புச் சட்டை இல்லாமல் லகூன் விளிம்புப் பக்கமே போகக்கூடாது. அங்கே தரை திடீர்னு முடிஞ்சு கரு நீலம் ஆரம்பிக்கும். தனியாவும் போகக்கூடாது.

நவம்பர் 23, 2025, காலை 7.00

ஏற்றவற்றம். நாள்காட்டியைப் பாருங்க: ஜனவரி 18 தை அமாவாசை. நீங்க இருக்கிற வாரத்தில் தண்ணி ஏறுறதும் வற்றுறதும் ஜாஸ்தியா இருக்கும். லகூனில் ஒரு முழம் கூடக் குறைய இருந்தாலே எல்லாம் மாறும். வற்றத்தில் பவளம் வயிற்றை உரசும், கீறினா ஆறவே ஆறாது. ஏற்றத்தில் அதே இடத்தில் மிதந்துட்டே போகலாம். மாமியாருக்கு நேர்மாறு, வற்றம்தான் நல்லது, நடு லகூன் வரைக்கும் கால் ஊன்றி நடக்கலாம்.

தண்ணி வற்ற ஆரம்பிக்கும்போது விளிம்புக்குப் போகாதீங்க, லகூன் தண்ணி முழுக்க வாய்க்கால் வழியா வெளியே ஓடும், உங்களையும் இழுக்கும். நம்ம மீனவங்க நீவாடுன்னு சொல்ற நீரோட்டத்தை நான் அங்கேதான் முதல் தடவை உடம்பில் உணர்ந்தேன். போகும்போது அதுக்கு எதிரா போகணும், களைச்ச பிறகு அதுவே திருப்பிக் கொண்டுவந்து விடும். நாங்க முதல் நாள் மாற்றிச் செய்து, வேறொரு படகுத்துறையில் ஏறி வெறுங்காலோட சுடுமணலில் நடந்து வந்தோம்.

"மத்தியானத்தில்தானே வற்றம்?" என்று ஒருத்தர் கேட்டிருக்கார். தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும். டைவிங் மையத்துப் பலகையில் எழுதி வச்சிருப்பாங்க. காலையில் காபிக்குப் போகும்போது அதைப் பார்த்துட்டு அன்னிக்கு எப்போ இறங்கலாம்னு முடிவு பண்ணுங்க. நான் சென்னையில் போட்ட அட்டவணையில் ஸ்நார்க்கலிங் எல்லாம் காலை 10-க்கே இருந்தது. தண்ணிக்கு அது தெரியாதே.

நவம்பர் 29, 2025, இரவு 11.30

அம்மா.

நான் அம்மாவுக்குன்னு தனியா ரெண்டு விஷயம் போட்டேன். சூரிய அஸ்தமனப் படகு, ஸ்பா. வயசானவங்களுக்கு உட்கார்ந்து பார்க்கிறது நல்லா இருக்கும்னு நினைச்சேன். படகில் ஏறின இருபதாவது நிமிஷம் குமட்டல். ஆகஸ்ட் கடல். அஸ்தமனம் முழுக்க என் மடியில் தலை வச்சுப் படுத்திருந்தாங்க. ஹனிஃபாருவுக்கும் நான் வற்புறுத்தித்தான் வந்தாங்க, நாங்க எல்லாரும் தண்ணியில் இறங்கின பிறகு 45 நிமிஷம் ஆடுற படகில் தனியா. திரும்ப ஏறினப்போ, "நல்லா பார்த்தீங்களா?"ன்னு மட்டும் கேட்டாங்க. அதை நினைச்சா இப்பவும் தொண்டை அடைக்குது. கரையில் விட்டிருக்கலாம். கேட்டிருக்கலாம். ஸ்பாவை அவங்களே வேண்டாம்னுட்டாங்க, முன்னே பின்னே தெரியாத பெண் தொடுறது கூச்சம்னு. அதையும் நான் முன்னாடியே கேட்கலை.

அம்மா அஞ்சு நாளும் என்ன செய்தாங்கன்னா, மடக்கு பல்லாங்குழியும் ஒரு சுருக்குப் பை புளியங்கொட்டையும் கொண்டுவந்திருந்தாங்க. வெயில் நேரத்தில் தாழை மர நிழலில் பேத்தியோட ஆட்டம். மூணாம் நாள் எங்க அறையைச் சுத்தம் பண்ற பையன், தெற்கு அட்டோல்காரன், பார்த்துட்டு அப்படியே நின்னுட்டான். அவங்க பாட்டி வீட்டில் இதே மாதிரி உண்டாம். ஓவள்ளுன்னு பேர், எட்டுக் குழின்னு அர்த்தம். நமக்குப் பக்கத்துக்கு ஏழு, அவங்களுக்கு எட்டு. அவன் வேலை முடிஞ்சு வந்து மணலிலேயே எட்டெட்டா பதினாறு குழி தோண்டினான். வெறும் குழி வந்தா என்ன பண்றதுன்னு ரெண்டு பேருக்கும் வேறவேற சட்டம். பாஷையும் கிடையாது. அம்மா தமிழில் சண்டை போட்டாங்க, அவன் திவேகியில் பதில் சொன்னான், ஆட்டம் நடந்துது.

மறுநாள் அவன் இளநீர் வெட்டிக் கொண்டுவந்து "குரும்பா"ன்னு கொடுத்தான். அம்மா, "நாங்களும் குரும்பைன்னுதான்டா சொல்லுவோம், ஆனா அது இதைவிடப் பிஞ்சு"ன்னாங்க. 1972-ல் அந்த நாட்டில் திறந்த முதல் ரிசார்ட்டுக்கும் அதே குரும்பாதான் பேர்.

அங்கே ஓவள்ளுவைச் சோழி வச்சு ஆடுவாங்க. ஒரு காலத்தில் மாலத்தீவுச் சோழிதான் வங்காளம் வரைக்கும் பணமாப் புழங்கியிருக்கு. 1343-44-ல் அங்கே காஜியா, அதாவது நீதிபதியா, இருந்த மொராக்கோ பயணி இப்னு பதூதாவே சோழியைப் பணமா மாற்றுறதைப் பற்றி எழுதியிருக்கார். ஆனா நீங்க பல்லாங்குழி கொண்டுபோனா புளியங்கொட்டையோ மஞ்சாடியோ கொண்டுபோங்க, சோழி வேண்டாம். திரும்பி வரும்போது அங்கே பொறுக்கினதுன்னு சந்தேகம் வரும். பவளத் துண்டு கொண்டுவரத் தடை. சங்கு சிப்பியையும் கரையிலேயே விடுங்க. காலிச் சங்குக்காகக் காத்திருக்கிற நண்டு அங்கே ஆயிரம்.

நவம்பர் 30, 2025, காலை 8.10

அம்மா தண்ணியில் இறங்கவே இல்லையான்னு மூணு பேர் கேட்டிருக்கீங்க. இறங்கினாங்க. நாலாம் நாள் வற்றத்தில். சுடிதார் தண்ணியில் பலூன் மாதிரி உப்பிக் காலைச் சுற்றும், அதனால் என் முழுக்கை நீச்சல் சட்டையும் லெக்கிங்ஸும் போட்டுவிட்டேன். ஒரு பக்கம் நான், மறுபக்கம் மகள். இடுப்பளவில் நின்னு முகத்தை மட்டும் வச்சாங்க. மூணு விநாடி. எழுந்து மூச்சு வாங்கி, மறுபடியும். ஆறாவது தடவை எழுந்திருக்கவே இல்லை, நான் பயந்து தோளைத் தொட்டேன். கையைத் தட்டிவிட்டாங்க. காலைச் சுற்றிச் சின்னச் சின்ன மீன்கள்.

வெளியே வந்து சொன்னது: "இத்தனை வருஷம் மெரினாவில் கால் மட்டும் நனைச்சுட்டு வந்துட்டேனே."

மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்ச்சுட்டே நடக்கணும். திருக்கை மணலுக்குள்ளே படுத்திருந்தா விலகிப் போயிடும்.

டிசம்பர் 3, 2025, மாலை 4.40

காசு. நாங்க போனப்போ பசுமை வரி ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 6 டாலர். 2025 ஜனவரியிலிருந்து ரிசார்ட்டில் 12. நாலு பேர், 5 ராத்திரி, 240 டாலர். உங்க பில்லில் சேர்ந்திருக்கான்னு பாருங்க. ஆக்டிவிட்டி விலைக்குப் பக்கத்தில் ரெண்டு கூட்டல் குறி இருந்தா 10 சதவீதச் சேவைக் கட்டணமும், அதுக்குமேல் 17 சதவீத வரியும் வரும். 100 டாலர்னு போட்டிருப்பது கையில் 129 ஆகும். 23 ஆக்டிவிட்டியை அந்தக் கண்ணோட பாருங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி 96 மணி நேரத்துக்குள் இமுகாங்கிற ஆன்லைன் பயண அறிவிப்புப் படிவம் நிரப்பணும், அதுக்குக் காசு இல்லை.

டிசம்பர் 7, 2025, காலை 9.00

ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு நான் சொன்னதையும் கொஞ்சம் திருத்தணும். எங்க மகள் என் அம்மா மாதிரி இல்லை, ஓடிட்டே இருக்கணும். பையனுக்கு 9 வயசு, அவனும் அப்படித்தான் இருப்பான். அவனுக்குத் தினமும் சாயங்காலம் செய்ய ஒரே வேலை கொடுங்க, மாற்றாதீங்க. நாங்க அஸ்தமனத்துக்கு முன்னாடி தீவை ஒரு சுற்று வருவோம். எங்க தீவுக்கு 14 நிமிஷம், மகளோட போனா ஒரு மணி. அதே மரத்தில் பழந்தின்னி வௌவால் எழுந்து போறது, அதே கல்லில் சாம்பல் நாரை நிற்கிறது, படகுத்துறை விளக்கடியில் திருக்கை வர்றது. மூணாம் நாளுக்குள் அவளுக்கு எல்லாம் நேரத்தோட தெரிஞ்சுபோச்சு, மத்தவங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்ட ஆரம்பிச்சுட்டா.

மணல் ஒரே இடத்தில் இருக்காது. பருவக் காற்று மாறினா கடற்கரையே தீவின் மறுபக்கம் நகரும். நாங்க கெட்டியா மணல் பார்த்த பக்கம் உங்களுக்கு ஜனவரியில் மெலிஞ்சிருக்கலாம். அறை கொடுக்கும்போது எந்தப் பக்கம் அந்த மாசத்தில் அமைதின்னு கேளுங்க. வடகிழக்குக் காற்றுக்கு மறைவான பக்கம்தான் மாமியாருக்கு.

டிசம்பர் 21, 2025, இரவு 8.20

கேள்வி கேட்டவர் புதுத் திட்டம் அனுப்பியிருந்தார். 23-லிருந்து 3: கைத்தூண்டிலில் ராத்திரி மீன்பிடிப்பு, வழிகாட்டியோட ஒரு ரீஃப் சுற்று, பொடுபெருன்னு சொல்ற அவங்க ஊர் மேளம் பார்க்க ஒரு ராத்திரி. மூணும் நல்லது. ரீஃப் சுற்றை முதல் முழு நாள் காலையிலேயே வச்சுக்கோங்க. எது எங்கே இருக்கு, எந்த வாய்க்காலில் இறங்கணும்னு வழிகாட்டி காட்டிட்டா மிச்ச நாள் உங்களுடையது. பெரிய கிளாத்தி மீன் கூடு கட்டியிருந்தா அதையும் காட்டச் சொல்லுங்க. துரத்தினா மேலே எழும்பக்கூடாது, பக்கவாட்டில் விலகணும், அதோட எல்லை கூம்பு மாதிரி மேலே போகப் போக அகலமாகும்.

மீன்பிடிப்புக்கு மாமியார் வர்றாங்களான்னு அவங்களையே கேளுங்க. மனைவிகிட்ட கேட்டுச் சொல்லாதீங்க.

ஜனவரி 22, 2026, காலை 10.15

வந்துட்டாங்க! கேள்வி கேட்டவர் எழுதினதை எல்லாரும் படிச்சிருப்பீங்க. மேளம் பார்க்கலை, அன்னிக்கு எட்டு மணிக்கே நாலு பேரும் தூங்கிட்டாங்களாம். அமாவாசை ராத்திரி படகுத்துறையில் படுத்து நட்சத்திரம் பார்த்திருக்காங்க. மாமியார் படகு வேண்டாம்னு சொல்லிட்டாங்க. பவர் முகமூடி போட்டுத் தினமும் வற்றத்தில் நின்னிருக்காங்க, கடைசி நாள் ஒண்ணேகால் மணி நேரம்.

அதில் ஒரு விஷயம் நான் முன்கூட்டிச் சொல்லியிருக்கணும். குனிஞ்சே நின்னதில் அவங்களுக்குப் பின்கழுத்தும் முழங்கால் பின்பக்கமும் வெயிலில் வெந்து கொப்புளம் போட்டிருக்கு. தண்ணிக்குள்ளே சூடு தெரியாது. இனி போறவங்க கழுத்து மூடின சட்டை, இல்லேன்னா ஒரு பருத்தித் துண்டைப் பின்கழுத்தில் போட்டு முகமூடி வாரில் செருகிக்கோங்க. தேங்காய் எண்ணெய் தடவினா போதும்னு ஒருத்தர் எழுதியிருக்கார், போதாது. சன்ஸ்க்ரீன் போடுறவங்க ஆக்ஸிபென்சோன் இல்லாததா வாங்குங்க, அது பவளத்துக்கு ஆகாது. மாமியாருக்கு இப்போ எப்படி இருக்குன்னு எழுதுங்க.